பெட்டிக்குள் 68 பாகை, மின்விசிறி அசையவில்லை: தெர்மல் சோன் எழுதியதில் என்ன பிழை?

உப்புவெளி_வாடி (செவ்வாய், பிற்பகல் 2.40)

எங்கள் கடற்றொழிலாளர் சங்கத்தின் ஐஸ் களஞ்சியத்தில் ஒரு சிறிய லினக்ஸ் பலகை வைத்திருக்கிறேன். ஆர்கே3399 சில்லு. குளிர் அறையின் வெப்பநிலையை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பதிவுசெய்வது, கதவு எவ்வளவு நேரம் திறந்து கிடந்தது என்று குறிப்பது, வாசல் கேமராவின் படத்தைச் சுருக்கிச் சேமிப்பது ஆகியவை அதன் வேலை. மாரி முழுவதும் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. கச்சான் வீசத் தொடங்கிய நாளிலிருந்து தினமும் நண்பகலுக்குப் பிறகு தானாக அணைந்துவிடுகிறது. மீன் வந்து இறங்கும் நேரத்தில் பதிவு இல்லை. இரவில் வந்து நான் எழுப்பினால்தான் உண்டு.

பதிவேட்டில் கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: சில்லு கிரிட்டிக்கல் வெப்பநிலையைத் தொட்டது, அணைக்கிறேன்.

பெட்டி தகரம். மேற்குச் சுவரில் பொருத்தியிருக்கிறேன். உள்ளே ஒரு எல்எம்75 உணரியும் 5 வோல்ற்று மின்விசிறியும் புதிதாக வைத்தேன். இரண்டையும் டிவைஸ் ட்ரீயில் (பலகையில் என்னென்ன வன்பொருள் இருக்கிறது என்று லினக்ஸின் மையமான கர்னலுக்குச் சொல்லும் கோப்பு) எழுதிச் சேர்த்தேன். முதல் முயற்சியில் கிரிட்டிக்கல் எல்லையை 90 என்று எழுதினேன். பலகை எழும்பி மூன்று நான்கு விநாடிகளில் அணைந்தது. மூன்று முறை முயன்றேன், மூன்று முறையும் அப்படியே. மெமரி கார்டைக் கழற்றி வேறு கணினியில் போட்டு அந்த வரியை நீக்கிய பிறகுதான் எழும்பியது.

இப்போது எழும்புகிறது. ஆனால் விசிறி அசையவே இல்லை. உணரியின் கோப்பை வாசித்தால் 68000 என்று காட்டுகிறது. அதாவது பெட்டிக்குள் 68 பாகை. விசிறியை நேரடியாக மின்னில் கொடுத்தால் நன்றாகச் சுழல்கிறது. நான் எழுதிய தெர்மல் சோன் (ஓர் இடத்தின் சூட்டைக் கவனித்துக் குளிர்விக்கச் சொல்லும் பகுதி) இதுதான்:

பொக்ஸ்-தெர்மல் என்று பெயர். போலிங்-டிலே-பாசிவ் 0, போலிங்-டிலே 0. தெர்மல்-சென்சர்ஸ் எல்எம்75-ஐச் சுட்டுகிறது. ட்ரிப்ஸ் என்ற முனைக்குள் (முனை என்பது டிவைஸ் ட்ரீயின் ஒரு கிளை) ஒரே ஒரு புள்ளி: டெம்பரேச்சர் 50000, ஹிஸ்டரிசிஸ் 0, டைப் ஆக்டிவ். கூலிங்-மேப்ஸ் முனைக்குள் அந்தப் புள்ளியையும் விசிறியையும் இணைத்திருக்கிறேன். விசிறிக்குப் பக்கத்தில் 0, 100 என்று கொடுத்திருக்கிறேன்.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அடுத்த கிழமைக்குள் சரிசெய்யாவிட்டால் இதைக் கழற்றிவிடும்படி சங்கத்தில் சொல்லிவிட்டார்கள்.

திருமலை_கர்னல் (செவ்வாய், பிற்பகல் 3.05)

போலிங்-டிலே 0 என்றால் "நீ போய்ப் பார்க்காதே, உணரி தானே வந்து சொல்லும்" என்று கர்னலுக்குச் சொல்கிறீர்கள். உங்கள் எல்எம்75-இன் ஓஎஸ் என்ற எச்சரிக்கைக் காலிலிருந்து பலகைக்குக் கம்பி போகிறதா?

உப்புவெளி_வாடி (செவ்வாய், பிற்பகல் 3.11)

இல்லை அண்ணா. மின் இரண்டு, தரவு இரண்டு, மொத்தம் நான்கு கம்பிகள்தான்.

திருமலை_கர்னல் (செவ்வாய், பிற்பகல் 3.30)

அப்படியானால் அந்த உணரிக்கு வாயில்லை. கேட்டால் பதில் தரும், தானாகக் கூப்பிடாது. கம்பி இருந்தாலும் ட்ரைவர் (உணரியோடு பேசும் நிரல்) அந்த அறிவிப்பைக் கர்னலுக்குக் கொண்டுசேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் பயனில்லை. நீங்கள் கோப்பை வாசிக்கும்போது 68000 வருவது நீங்கள் கேட்டதால். கர்னல் பலகை எழும்பும்போது ஒருமுறை பார்த்தது. அப்போது காலை, பெட்டிக்குள் 50-க்குக் கீழ். அதன் பிறகு அது பார்க்கவே இல்லை.

போலிங்-டிலேயை 10000 ஆக்குங்கள். அலகு மில்லி விநாடி, ஆகவே பத்து விநாடிக்கு ஒருமுறை. தகரப் பெட்டிக்குள் காற்றுச் சூடேறுவது நிமிடக் கணக்கில் நடப்பது, அதற்குப் பத்து விநாடி தாராளம். சில்லுக்கு இது போதாது. அது ஒரு விநாடிக்குள் பல பாகை ஏறும். முதன்மைக் கர்னலின் (லினக்ஸ் குழுவே வெளியிடும் மூலக் கர்னல்) ஆர்கே3399 கோப்பில் வழக்கமாக 1000, குளிர்விப்பு நடக்கும்போது 100 என்று வைத்திருக்கிறார்கள்.

90 என்று எழுதியபோது பலகை அணைந்ததற்கும் காரணம் உங்களுக்கு இப்போது புரிந்திருக்கும். டிவைஸ் ட்ரீயில் வெப்பநிலை மில்லி பாகை. 90 என்றால் 0.09 பாகை செல்சியஸ். திருகோணமலையில் எந்த இரவிலும் அதற்கு மேல்தான் இருக்கும். கர்னல் முதல் தடவை பார்த்தவுடனே எல்லை தாண்டிவிட்டது என்று அணைத்தது. அது தன் கடமையைச் செய்தது.

உப்புவெளி_வாடி (செவ்வாய், மாலை 6.20)

10000 போட்டேன். இன்னும் விசிறி அசையவில்லை. கர்னல் பதிவில் மேப்பை இணைக்க முடியவில்லை என்று ஒரு வரி வருகிறது.

ஏழுகிணறு (செவ்வாய், இரவு 9.15)

தம்பி, 0, 100 என்று எழுதியிருக்கிறீர்கள் அல்லவா? நூறு வீதம் என்று நினைத்திருப்பீர்கள். அது வீதம் இல்லை, படி. கூலிங் டிவைஸ் என்று கர்னல் அழைக்கும் எந்தப் பொருளுக்கும் படிகள் உண்டு. 0 என்றால் ஒன்றும் செய்யாமல் சும்மா இருப்பது. உச்சப் படி என்றால் தன் முழுப் பலத்தையும் காட்டுவது. உங்கள் விசிறியின் முனையில் கூலிங்-லெவல்ஸ் என்று எத்தனை எண்கள் எழுதினீர்களோ அத்தனைதான் படிகள். நான்கு எண் எழுதியிருந்தால் 0 முதல் 3 வரை. 3-க்கு மேல் இல்லாத ஒன்றிடம் 100-ஆம் படிக்குப் போ என்று கேட்டால் கர்னல் அந்த இணைப்பையே ஏற்காது. எல்லை குறிக்க விருப்பம் இல்லை என்றால் இரண்டு இடத்திலும் தெர்மல்_நோ_லிமிட் என்று எழுதுங்கள். விசிறியின் முனையில் கூலிங்-செல்ஸ் 2 என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த 2 என்பது "என்னைச் சுட்டும்போது கீழ்ப்படி, மேற்படி என இரண்டு எண்கள் தர வேண்டும்" என்ற அறிவிப்பு.

இதை எழுதும்போதே இந்தப் பகுதியை முழுமையாக விளக்கிவிடலாம் என்று தோன்றுகிறது. தமிழில் யாரும் எழுதி நான் பார்க்கவில்லை.

கன்னியாவுக்குப் போகாதவர் இந்த இழையில் இருக்க மாட்டார். அநுராதபுரம் வீதியில் இறங்கி உள்ளே போனால் ஒரே வளவுக்குள் ஏழு கிணறுகள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நாலு எட்டு. ஆனால் ஒன்றின் நீர் இன்னொன்றின் சூட்டில் இல்லை. ஒன்றில் வாளியை விட்டு மொண்டு தலையில் ஊற்றலாம், அடுத்ததில் விரலை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஊற்றத் துணிவோம். "கன்னியாவின் சூடு எவ்வளவு?" என்று கேட்டால் ஊரவர் "எந்தக் கிணறு?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். தெர்மல் சோன் என்பதன் முழுக் கருத்தும் அந்தத் திருப்பிக் கேட்பதில் இருக்கிறது. உங்கள் பலகையிலும் பல கிணறுகள். மையச் செயலிக்கு ஒன்று, வரைகலைச் செயலிக்கு ஒன்று, இப்போது பெட்டிக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு சோன், ஒவ்வொரு சோனுக்கும் ஓர் உணரி. ஆர்கே3399-இல் ஒரே டிஎஸ்ஏடிசி கருவிக்குள் (சில்லின் சூட்டை அளக்கும் பகுதி) இரண்டு உணரிகள், 0 மையச் செயலிக்கு, 1 வரைகலைக்கு. அதனால்தான் அந்தக் கருவியின் முனையில் தெர்மல்-சென்சர்-செல்ஸ் 1 என்று இருக்கும். "என்னைச் சுட்டினால் எந்தக் கிணறு என்றும் சொல்" என்பது பொருள். எல்எம்75-இல் உணரி ஒன்றே, ஆகவே அங்கே 0.

சோனுக்குள் மூன்று செய்திகள் வேண்டும். யார் அளப்பது, எந்தச் சூட்டில் விழித்துக்கொள்வது, விழித்ததும் யாரைக் கூப்பிடுவது. முதலாவது தெர்மல்-சென்சர்ஸ், இரண்டாவது ட்ரிப்ஸ், மூன்றாவது கூலிங்-மேப்ஸ். சோனின் பெயர் -தெர்மல் என்று முடிய வேண்டும் என்பது விதி. நீங்கள் சரியாகவே எழுதியிருக்கிறீர்கள்.

ட்ரிப் புள்ளியில் நான்கு வகை. ஆக்டிவ் என்றால் வெளியிலிருந்து ஆற்றல் செலவழித்துக் குளிர்விப்பது, விசிறி போல. பாசிவ் என்றால் சூட்டை உண்டாக்குபவனையே அடக்குவது, செயலியின் வேகத்தைக் குறைப்பது போல. ஹாட் ஓர் எச்சரிக்கை. கிரிட்டிக்கல் என்றால் இனிப் பேச்சில்லை, ஒழுங்காக அணைத்துவிடு. கிரிட்டிக்கலுக்கு மேப் தேவையில்லை. ஆக்டிவும் பாசிவும் மேப் இல்லாமல் வெறும் எண்கள்.

நீங்கள் கவலைப்பட வேண்டிய இடம் இதுதான். விசிறி ஒரு பக்கம் இருக்கட்டும். பெட்டிக்குள் 68 இருந்தாலும் சில்லு அதன் கிரிட்டிக்கல் எல்லையான 95 வரை ஏறுவது எனக்கு இயல்பாகப் படவில்லை. முதன்மைக் கர்னலின் கோப்பில் 70-ஆம் பாகையில் பெரிய இரண்டு கோர்களின் வேகம் குறையத் தொடங்கும், 75-இல் ஆறு கோர்களுக்கும். அப்படிக் குறைந்திருந்தால் கேமராப் படம் விட்டுவிட்டு வந்திருக்கும், பலகை அணைந்திருக்காது. ஓடிக்கொண்டிருக்கும் டிவைஸ் ட்ரீயை டிடிசி கருவியால் மீண்டும் எழுத்தாக்கி, மையச் செயலியின் சோனை இங்கே இடுங்கள்.

உப்புவெளி_வாடி (புதன், காலை 7.50)

ஐயா, விசிறி சுழல்கிறது! தெர்மல்_நோ_லிமிட் போட்டவுடன் சுழன்றது. மிக்க நன்றி.

நீங்கள் கேட்டதை எடுத்துப் பார்த்தேன். மையச் செயலியின் சோனில் 70000, 75000, 95000 என்று மூன்று புள்ளிகளும் இருக்கின்றன. அதற்குக் கீழே கூலிங்-மேப்ஸ் என்ற முனை இல்லை. இரண்டு முறை தேடிவிட்டேன். இது பலகையோடு வந்த கோப்பு, நான் இதில் கை வைக்கவில்லை.

ஏழுகிணறு (புதன், காலை 8.30)

நினைத்தேன். விற்றவர்கள் அந்தப் பகுதியை விட்டுவிட்டார்கள். 70-இல் கர்னல் விழித்துக்கொள்கிறது, கூப்பிட ஆள் இல்லை. 75-இலும் அப்படியே. 95 வரை பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு அணைக்கிறது. மாரியில் 70-ஐயே தொடாததால் இந்த ஓட்டை யாருக்கும் தெரியவில்லை. கச்சான்தான் காட்டிக்கொடுத்தது.

இது எனக்குக் கோபம் வரும் விடயம். குளிரூட்டிய அறையில் மேசைமேல் வைத்துப் பார்த்து, ஓடுகிறது என்று அனுப்பிவிடுகிறார்கள். டிவைஸ் ட்ரீ என்பது வன்பொருளைப் பற்றிய வாக்குமூலம். இந்தப் பலகையில் இன்ன இடத்தில் இன்ன பொருள் இருக்கிறது என்று கர்னலுக்குச் சொல்லும் ஒரே எழுத்து அதுதான். அதில் ஒரு முனை விடுபட்டால் கர்னலுக்கு அந்தத் தொடர்பு உலகத்திலேயே இல்லை.

முதன்மைக் கர்னலின் கோப்பைப் பார்த்து இரண்டு மேப்களையும் எழுதுங்கள். ஒவ்வொரு மையச் செயலி முனையிலும் கூலிங்-செல்ஸ் 2 இருக்க வேண்டும், மறந்துவிடாதீர்கள். செயலியின் படிகள் விசிறிக்கு நேர் எதிர் போலத் தோன்றும். படி 0 என்றால் முழு வேகம், படி ஏற ஏற வேகம் இறங்கும். படி என்பது குளிர்விப்பின் அளவு, வேகத்தின் அளவு இல்லை என்று நினைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

தம்பலகாமம்_வயல் (புதன், காலை 10.10)

எல்லோரும் மன்னிக்க வேண்டும். இவ்வளவு எழுத்து எதற்கு? நான் நீர்ப்பம்பிக்கு வைத்திருக்கும் பலகையில் பதினைந்து வரி ஸ்கிரிப்ட் ஒன்று ஓடுகிறது. பத்து விநாடிக்கு ஒருமுறை வெப்பநிலையை வாசிக்கிறது, 55-ஐத் தாண்டினால் விசிறிக்கு மின் கொடுக்கிறது. இரண்டு போகமாக ஓடுகிறது. எண்ணை மாற்ற வேண்டும் என்றால் கோப்பைத் திறந்து மாற்றினால் போதும். டிவைஸ் ட்ரீ என்றால் தொகுக்க வேண்டும், மீண்டும் எழுப்ப வேண்டும், பிழைத்தால் இந்தத் தம்பி பட்டது போல் மெமரி கார்டைக் கழற்ற வேண்டும்.

திருமலை_கர்னல் (புதன், காலை 10.45)

உங்கள் ஸ்கிரிப்ட் எப்போது சாகும் என்று யோசித்தீர்களா? நினைவகம் நிரம்பினால் ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களில் ஒன்றைக் கர்னல் கொல்லும், அது உங்கள் ஸ்கிரிப்டாக இருக்கலாம். மெமரி கார்டு பழுதாகி வாசிக்க மட்டும் என்ற நிலைக்குப் போனால் அடுத்த முறை எழும்பும்போது ஸ்கிரிப்ட் எழும்பாமல் இருக்கலாம். எழும்பும் வேளையிலேயே முதல் இருபது முப்பது விநாடிகள் காவல் இல்லை. சோன் கர்னலுக்குள் இருப்பதால் கர்னல் உயிரோடு இருக்கும்வரை காவலும் இருக்கும்.

தம்பலகாமம்_வயல் (புதன், காலை 11.20)

ஒத்துக்கொள்கிறேன், கிரிட்டிக்கலுக்கு அது சரி. ஆனால் விசிறி 50-இல் சுழல்வதா 55-இல் சுழல்வதா என்பது வன்பொருளைப் பற்றிய உண்மை இல்லை, என் விருப்பம். ஐயா சொன்ன அந்த வாக்குமூலத்தில் என் விருப்பத்தை எழுதுவது முறையா? தம்பலகாமத்து வயலுக்கு ஓர் எண், உப்புவெளிக் கடற்கரைக்கு ஓர் எண், நுவரெலியாவுக்கு ஓர் எண். பலகை ஒன்றேதானே?

ஏழுகிணறு (புதன், நண்பகல் 12.05)

இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். கர்னல் எழுதுபவர்களுக்கும் இது தெரியாதது இல்லை. அதனால்தான் ட்ரிப் புள்ளிகளை ஓடும்போதே மாற்ற விடும் வழி ஒன்று உண்டு; பழைய கர்னல்களில் அதற்கான தெரிவைத் தொகுக்கும்போது இயக்க வேண்டியிருந்தது. அந்த வழி உள்ள கர்னலில் புள்ளியின் கோப்பில் புதிய எண்ணை எழுதினால் போதும், டிவைஸ் ட்ரீயைத் தொட வேண்டாம்.

என் பார்வை இது. 95 சில்லுக்குச் சொந்தமானது. அது திருகோணமலையிலும் நுவரெலியாவிலும் 95தான், ஏனென்றால் சிலிக்கனுக்கு ஊர் இல்லை. அதைத் தொடாதீர்கள், குறைக்க வேண்டுமானால் குறையுங்கள், கூட்டாதீர்கள். 50-உம் 55-உம் பெட்டிக்கும் சுவருக்கும் காற்றுக்கும் சொந்தமானவை. அவை ஊரோடு மாறும், மாற வேண்டும். ஆனால் பெட்டியும் வன்பொருள்தான். இந்தத் தகரப் பெட்டியில், இந்த விசிறியோடு, இந்தச் சுவரில் இருக்கும் பலகையைத்தான் நாம் விவரிக்கிறோம். ஆகவே அந்தப் பெட்டிக்கென ஓர் ஓவர்லே கோப்பை (மூலக் கோப்பின் மேல் சேர்த்து வாசிக்கப்படும் துணைக் கோப்பு) எழுதி அதில் வைத்தால் மூலக் கோப்பும் கெடாது, உங்கள் எண்ணும் கர்னலின் காவலில் இருக்கும்.

தம்பலகாமம்_வயல் (புதன், நண்பகல் 12.30)

ஓவர்லே என்றால் ஏற்றுக்கொள்கிறேன். ஆனாலும் என் ஸ்கிரிப்டை நான் விடப்போவதில்லை. கிரிட்டிக்கலை மட்டும் சரிபார்த்துக்கொள்கிறேன்.

சீனக்குடா (புதன், பிற்பகல் 1.15)

மடிக்கணினி வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. அங்கே பெரும்பாலும் டிவைஸ் ட்ரீ இல்லை, கணினியோடு வரும் ஏசிபிஐ அட்டவணை இந்த வேலையைச் செய்கிறது. கருத்து ஒன்றுதான்: _டிஎம்பி வெப்பநிலை, _பிஎஸ்வி பாசிவ் எல்லை, _சிஆர்டி கிரிட்டிக்கல் எல்லை, _ஏசி0 முதலான ஆக்டிவ் எல்லைகள். ஆனால் அலகு கெல்வினின் பத்தில் ஒரு பங்கு. 3732 என்று பார்த்தால் திகைக்க வேண்டாம், 100 பாகை செல்சியஸ். இரண்டு உலகத்துக்கும் இடையில் எண்களைத் தூக்கிச் செல்பவர்கள் இந்த இடத்தில் தவறுவார்கள்.

ஓர்ஸ்ஹில்_ஆசிரியை (புதன், மாலை 4.40)

நான் பௌதிகம் கற்பிப்பவள், கர்னல் பற்றி அதிகம் தெரியாது. ஆனால் பெட்டிக்குள் 68 என்ற எண் என்னை உறுத்துகிறது. வெளியே நிழலில் 36 என்றால் பெட்டி தன் சூழலைவிட 32 பாகை கூட. இதில் பலகை உண்டாக்கும் சூடு எவ்வளவு, வெயில் தருவது எவ்வளவு?

சில்லின் சூடு என்பது ஒரு கூட்டல். சுற்றியுள்ள காற்றின் வெப்பநிலையோடு, சில்லு செலவழிக்கும் வாற்றை அதன் வெப்பத்தடையால் பெருக்கிக் கூட்ட வேண்டும். பேச்சுக்கு 3 வாற்று, வாற்றுக்கு 9 பாகை தடை என்று கொள்வோம்: 27. காற்று 68 என்றால் சில்லு 95. அதே சில்லு அதே வேலையைச் செய்து காற்று 45-இல் இருந்தால் 72. நீங்கள் எழுதும் பாசிவ் புள்ளியால் அந்த 27-ஐ மட்டுமே குறைக்க முடியும். 68-ஐத் தொட முடியாது. காற்றே 68 இருக்கும்போது 70-இல் வேகத்தைக் குறைக்கச் சொன்னால் பலகை பகல் முழுவதும் தவழும், அப்போதும் 70-க்குக் கீழே வராது.

மேற்குச் சுவரில் பிற்பகல் வெயில் நேரே அடிக்கும். கச்சானும் அந்தப் பக்கத்திலிருந்துதான் வரும். பெட்டியைச் சுவர் மாற்றுங்கள் தம்பி. வடக்குச் சுவரில் தாழ்வாரத்தின் கீழ் ஓர் இடம் இல்லையா? மென்பொருளில் எண் மாற்றுவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். கோபிக்காதீர்கள், இவ்வளவு பேர் இவ்வளவு எழுதிய பிறகு நான் சொல்வது சிறியதாகத் தெரியலாம்.

உப்புவெளி_வாடி (புதன், மாலை 5.00)

சிறியது இல்லை ரீச்சர். வடக்குச் சுவரில் வலை காயப்போடும் இடத்துக்கு மேலே தாழ்வாரம் இருக்கிறது. கேமராக் கம்பி நான்கு மீற்றர் கூடுதலாக வேண்டும். நாளை மாற்றுகிறேன்.

கிண்ணியா_துறை (புதன், இரவு 8.25)

எல்லோரும் விசிறி சுழன்றுவிட்டது என்று மகிழ்கிறீர்கள். நான் படகுத்துறையில் இரண்டு பெட்டிகள் வைத்து ஒன்றை இழந்தவன். என் அனுபவத்தைக் கேளுங்கள்.

பெட்டியில் துளை போட்டு விசிறி வைத்தால் அது காற்றை மட்டும் இழுப்பதில்லை, உப்பையும் இழுக்கும். ஐந்தாம் மாதம் திறந்தபோது விசிறியின் இதழ்களில் வெள்ளையாகப் பூத்திருந்தது. அச்சு இறுகிவிட்டது, விரலால் தள்ளினாலும் அரைச் சுற்றோடு நின்றது. பலகையின் வலைத்தொடர்புத் துளையைச் சுற்றிப் பச்சையாகக் களிம்பு. அன்று காலையில் நான் வீட்டிலிருந்து பார்த்தபோது கர்னல் என்ன சொன்னது தெரியுமா? விசிறி 3-ஆம் படியில் இருக்கிறது, உச்சம். கர்னலுக்குத் தெரிவது தான் கொடுத்த கட்டளை மட்டும். இதழ் சுழல்கிறதா என்று அது பார்க்கவில்லை. சுற்று எண்ணும் மூன்றாவது கம்பி உள்ள விசிறி வாங்கி அந்தக் கம்பியையும் பலகைக்குக் கொடுத்து முனையில் எழுதினால்தான் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று வாசிக்கலாம்.

ஆகவே இரண்டு வேண்டுகோள். விசிறியை நம்பிச் செயலியின் மேப்களை விட்டுவிடாதீர்கள். விசிறி செத்த நாளில் பலகையைக் காப்பாற்றப் போவது பாசிவ் புள்ளிதான். அடுத்தது, துளையில்லாத பெட்டி. சில்லின் மேல் வெப்பத்தாள் வைத்து அலுமினியத் தகட்டோடு ஒட்டுங்கள், அந்தத் தகடு பெட்டியின் முதுகாக வெளியே தெரியட்டும். விசிறியைப் பெட்டிக்குள்ளேயே வைத்து உள்ளிருக்கும் காற்றைத் தகட்டின் மேல் ஓட விடுங்கள். உப்பு உள்ளே வராது.

திருமலை_கர்னல் (புதன், இரவு 8.50)

கிண்ணியா அண்ணன் சொன்னதை இழையின் முதல் பதிவில் சேர்க்க வேண்டும். கடற்கரையில் பலகை வைக்கும் எல்லோரும் வாசிக்க வேண்டியது.

உப்புவெளி_வாடி (பன்னிரண்டு நாள் கழித்து, திங்கள், இரவு 7.30)

தாமதத்துக்கு மன்னியுங்கள். வேலை முடிந்து எண்கள் நிலைக்கட்டும் என்று காத்திருந்தேன்.

முதலில் சுவரை மட்டும் மாற்றினேன், வேறு எதையும் தொடவில்லை. அன்று வெளியே நிழலில் 36. பெட்டிக்குள் 68 இருந்த அதே பிற்பகல் மூன்று மணிக்கு 53. ரீச்சர், பதினைந்து பாகை. ஒரு வரி எழுதாமல்.

பிறகு கிண்ணியா அண்ணன் சொன்னபடி மூடிய பெட்டி செய்தேன். அலுமினியத் தகடு பழைய ஐஸ் பெட்டியின் உள்மூடியிலிருந்து வெட்டியது. விசிறி உள்ளே.

ஹிஸ்டரிசிஸ் 0 என்று எழுதியிருந்தேன் அல்லவா, அதன் பலனை அப்போதுதான் கேட்டேன். ஆம், காதால் கேட்டேன். பெட்டி 50-ஐ ஒட்டி நின்ற ஒரு மாலையில் விசிறி எழும்புவதும் நிற்பதுமாகப் பத்து விநாடிக்கு ஒருமுறை "டிக்" என்றது. எல்எம்75 அரைப் பாகைப் படிகளில் அளப்பதால் 49.5, 50, 49.5 என்று ஆடிக்கொண்டிருந்தது. வலை பொத்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் பெட்டிக்குள் பல்லி அகப்பட்டுவிட்டது என்று சொல்லி என்னைக் கூப்பிட்டார். ஹிஸ்டரிசிஸை 3000 ஆக்கினேன். 50-இல் தொடங்கினால் 47-க்கு இறங்கும்வரை நிற்காது. சத்தம் போய்விட்டது.

இன்னொரு செய்தி, சோனுக்கு வெளியே என்றாலும் இங்கே யாருக்காவது உதவும். குளிர் அறையில் இருக்கும் டிஎஸ்18பி20 உணரி ஓர் இரவில் திடீரென 85 பாகை என்று பதிவிட்டது. ஐஸ் அறையில் 85! எழுந்து ஓடினேன். அறை குளிராகவே இருந்தது. அந்த உணரி மின் பெற்றவுடன், அளக்கத் தொடங்கும் முன், காட்டும் தொடக்க எண் 85 என்று பிறகு வாசித்தேன். இணைப்பு தளர்ந்து மின் போய் வந்திருக்கிறது. முனையை ஈயம் வைத்து ஒட்டிவிட்டேன்.

இப்போதைய எண்கள். பெட்டிச் சோன்: 45, 50, 56 என மூன்று ஆக்டிவ் புள்ளிகள், விசிறியின் மூன்று படிகளுக்கும் ஒவ்வொன்று, ஹிஸ்டரிசிஸ் எல்லாவற்றுக்கும் 3. கூலிங்-லெவல்ஸ் 0, 120, 180, 255 (255 என்றால் முழு வேகம்). 100-க்குக் கீழ் கொடுத்தால் இந்த விசிறி தொடங்க முடியாமல் முனகுகிறது, ஆகவே 120. செயலிச் சோன்: மேப்கள் இரண்டும் எழுதிவிட்டேன். பாசிவ் புள்ளிகளை 80, 85 என்று உயர்த்தினேன், கிரிட்டிக்கல் 95.

ஏழுகிணறு (திங்கள், இரவு 8.10)

மிகவும் மகிழ்ச்சி. கிரிட்டிக்கலை 92 ஆக்குங்கள். டிஎஸ்ஏடிசி கருவியில் வன்பொருளே வெட்டும் எல்லை ஒன்று தனியாக உண்டு, அதுவும் முதன்மைக் கோப்பில் 95000. அந்த வெட்டு யாரிடமும் கேட்காது, பாதி எழுதிய பதிவோடு பலகை போய்விடும். கர்னல் அதற்கு முன் கோப்புகளை மூடி ஒழுங்காக அணைய மூன்று பாகை இடம் கொடுங்கள்.

80, 85 பற்றி எனக்குத் தயக்கம் உண்டு. வேலைக்குத் தேவையில்லை என்றால் 75, 80 போதும்.

திருமலை_கர்னல் (திங்கள், இரவு 8.25)

நான் 80, 85-ஐ ஆதரிக்கிறேன். மீன் இறங்கும் நேரத்தில் கேமராப் படம் தடைப்படக் கூடாது, அதற்காகத்தானே பலகை. ஒவ்வொரு முறை போய்ப் பார்க்கும்போதும் சூடு ஏறிக்கொண்டிருந்தால் ஒரு படி ஏற்றுவதுதான் ஸ்டெப்-வைஸ் கவர்னரின் (எந்தப் படி என்று முடிவெடுக்கும் கர்னலின் பகுதி) முறை. 80-இல் தொடங்கினாலும் 92-க்கு முன் பிடித்துவிடும்.

உப்புவெளி_வாடி (செவ்வாய், பிற்பகல் 3.15)

கிரிட்டிக்கல் 92 ஆக்கிவிட்டேன். பாசிவை இரண்டு கிழமை 80-இல் விட்டுப் பார்த்து, தொடவே இல்லை என்றால் 75-க்கு இறக்குகிறேன்.

இப்போது களஞ்சியத்தில் நின்றுகொண்டுதான் எழுதுகிறேன். வெளியே 36, கச்சான் மணலை வாரி அடிக்கிறது. பெட்டிக்குள் 48, விசிறி முதற்படியில். சில்லு 71. பத்தொன்பது வள்ளத்து மீன் இறங்கியிருக்கிறது, ஒன்றுவிடாமல் பதிவாகியிருக்கிறது. சங்கத் தலைவர் மூதூர்ப் பக்க வாடிக்கும் ஒன்று செய்து தரும்படி கேட்டிருக்கிறார். கிண்ணியா அண்ணா, சுற்று எண்ணும் கம்பியுள்ள விசிறி எந்தக் கடையில் எடுத்தீர்கள் என்று தனிமடலில் சொல்லுங்கள், இரண்டு வேண்டும்.